இதயத்தை நிறுத்துவதா, காப்பதா?

இதய அறுவை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைகின்றன. இதய-நுரையீரல் எந்திரம் வியந்து போற்றப்படும். 1953-இல் அமெரிக்க மருத்துவர் கிப்பன் அதனைக் கொண்டு பெற்ற வெற்றி கூறப்படும். 1975-இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் நம் நாட்டின் முதல் பைபாஸ் அறுவையைச் செய்ததும் இடம்பெறும். பின்னர், 'இதயம் நிறுத்தப்படுகிறது' என்ற ஒரே வரியுடன் கட்டுரை மேலே சென்றுவிடும். குறை அந்த வரியில்தான் உள்ளது.

எந்திரம் மூளையையும் சிறுநீரகத்தையும் காக்கும், இதயத்தைக் காக்காது. இதயத் தசைக்கு இரத்தம் தரும் தமனிகள் பெருந்தமனியின் அடியில் கிளைக்கின்றன. அதற்குச் சற்று மேலே கவ்வியிட்டதும் அவற்றுக்கு இரத்தம் செல்வதில்லை. உடலெங்கும் இரத்தம் ஓட, இதயம் மட்டும் பட்டினி கிடக்கும்.

'குளிரூட்டிக் காக்கிறார்கள்' என்று சில கட்டுரைகள் முடித்துவிடுகின்றன. இது பாதி உண்மையே. உழைக்கும் இதயத் தசை, 100 கிராமுக்கு நிமிடத்தில் சுமார் 8 முதல் 10 மி.லி. ஆக்சிஜனைச் செலவிடும். உடல் வெப்பநிலையிலேயே துடிப்பை நிறுத்தினால் செலவு சுமார் 1 மி.லி.; 22° செ. வரை குளிர்வித்தால் சுமார் 0.3 மி.லி. ஆகவே பெரிய சேமிப்பு ஓய்வினால் வருவது. குளிர் அதற்குத் துணை.

அவ்வோய்வைத் தருவது பொட்டாசியம். அது தசைச் செல்களின் மின்கிளர்ச்சியைத் தடுத்து, இதயத்தைத் தளர்ந்த நிலையில் நிறுத்துகிறது. 1955-இல் இலண்டனில் மெல்ரோஸ் இம்முறையைப் புகுத்தினார். ஆனால் கரைசலின் அடர்த்தி மிகுதியால் தசையே சேதமுற, முறை கைவிடப்பட்டது. 1970-களில் அடர்த்தியைக் குறைத்து அதற்கு மறுவாழ்வு தந்தனர். செயின்ட் தாமஸ் மருத்துவமனைக் கரைசலில் லிட்டருக்கு 16 மில்லிமோல் பொட்டாசியமே உண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. இத்தோல்வியும் மீட்சியும் நம் கட்டுரைகளில் ஏன் இடம்பெறுவதில்லை?

இது வெறும் ஏட்டுக் குறையன்று. மாங்காட்டிலிருந்து போரூருக்கோ முகப்பேருக்கோ நோயாளியை அழைத்துச் சென்று, ஒப்புதல் தாளில் கையெழுத்திடும் குடும்பத்தாருக்கு 'இதயத்தை நிறுத்துவோம்' என்ற சொல் இடியாக விழும். அது சாவன்று, அளந்து தரப்படும் ஓய்வு என்பதையும், அவ்வோய்வுக்கும் கால எல்லை உண்டு என்பதையும் அவர்கள் அறிய வேண்டும். பல கரைசல்களை 20, 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் செலுத்த வேண்டியிருப்பது அதனால்தான். எந்திரத்தை வியப்பதோடு நில்லாமல், இதனையும் எடுத்துரைப்பதே அறிவியல் எழுத்தின் கடமையாகும்.