போர்ட்டல்: சிரித்துக்கொண்டே கீழ்ப்படிதல்

'போர்ட்டல்' என்ற வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கேக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள். சோதனைகளை முடித்தால் கேக் உண்டு என்று விளையாட்டில் ஒரு குரல் ஆசை காட்டுகிறது. அந்தக் கேக் பொய் என்று சுவருக்குப் பின்னால் யாரோ கிறுக்கிவைத்திருக்கிறார்கள். 2007-இல் அமெரிக்காவின் வால்வ் கம்பெனி இதை வெளியிட்டபின் அந்தக் கிறுக்கல் பனியன்களில் ஏறிவிட்டது. கடைசிவரை ஆடியவர்களுக்குத் தெரியும், கேக் இருக்கிறது; எல்லாம் முடிந்தபின் மெழுகுவர்த்தியோடு அதைக் காட்டுகிறார்கள். ஒரு படைப்பிலிருந்து கையடக்கமான ஒரு வாக்கியத்தை உருவிக்கொண்டு படைப்பை விட்டுவிடும் பழக்கம் இலக்கிய வாசகர்களுக்கு மட்டும் உரியதல்ல போலும்.

விளையாட்டு முழுக்க நம் கண் வழியே நடக்கிறது. நாம் ஷெல் என்ற பெண். கண்ணாடிச் சுவர் வைத்த அறையொன்றில் விழிக்கிறோம். சற்று நேரத்தில் சுவரில் ஒரு வாசல் திறக்கிறது. அதன் வழியே பார்த்தால் வேறொரு கோணத்திலிருந்து அதே கண்ணாடி அறையும், உள்ளே ஆரஞ்சு உடுப்பில் ஒரு பெண்ணும் தெரிகிறார்கள். அது நாம்தான் என்று உறைக்க ஒரு கணம் பிடிக்கிறது. பிறகு கைக்கு ஒரு கருவி வருகிறது. அதைக்கொண்டு ஒரு சுவரில் நீல வாசலும் இன்னொரு சுவரில் ஆரஞ்சு வாசலும் போடலாம். ஒன்றில் நுழைந்தால் மற்றதில் வெளிவரலாம். வேகம் குறையாது. தரையில் ஒரு வாசலையும் உயரத்துச் சுவரில் மற்றதையும் போட்டுவிட்டு மேலிருந்து குதித்தால், விழுந்த வேகம் அப்படியே குறுக்கே பாய்ந்து பள்ளத்தைத் தாண்டவைக்கும். டிஜிபென் என்ற கல்லூரியின் மாணவர்கள் 2005-இல் செய்த ஒரு சிறு விளையாட்டிலிருந்து வந்த யோசனை இது. வால்வ் அவர்களையே வேலைக்கு எடுத்துக்கொண்டது. புதிர்களைப் பற்றி இதற்குமேல் சொல்ல எனக்கு அதிகமில்லை. நல்ல புதிர்கள். விடை தெரிந்த கணத்தில் உடம்பில் ஒரு சிலிர்ப்பு. அவ்வளவுதான்.

என்னை உட்காரவைத்தது குரல். க்ளாடோஸ் என்ற யந்திரத்தின் குரல் அது. எரிக் வோல்பாவும் செட் ஃபாலிசெக்கும் எழுதியதை எல்லன் மக்லேன் என்ற ஆப்பெராப் பாடகி பேசியிருக்கிறார். உணர்ச்சி நீக்கப்பட்ட, ஆனால் உபசாரம் குறையாத குரல். விதிமுறைப்படி ஒரு பொய் சொன்னதாகவும் விதிமுறைப்படியே இனி நிறுத்திக்கொள்வதாகவும் அறிவிக்கிறது. ஒன்பதாம் அறையில், இந்தச் சோதனைக்குத் தீர்வே கிடையாது, வருந்துகிறோம், தாங்கள் விட்டுவிடலாம் என்கிறது. தீர்த்துவிட்டால், அவநம்பிக்கையான சூழ்நிலையிலும் உறுதி காட்டியதற்குப் பாராட்டு. இன்னோரிடத்தில் பாராட்டும்போது, 'பெயரை இங்கே நிரப்புக', 'ஊரை இங்கே நிரப்புக' என்ற படிவக் குறிப்புகளையும் சேர்த்தே வாசித்துவிடுகிறது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். வங்கி வேலையில் இருப்பவனுக்கு இந்தச் சிரிப்பில் கொஞ்சம் சங்கடமும் உண்டு. 'தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது' என்று என் கையெழுத்தோடு போன கடிதங்கள் எத்தனை! அவற்றில் எதுவும் பொய்யல்ல. எதுவும் யாரிடமும் சொல்லப்பட்டதும் அல்ல.

இந்த ஹாஸ்யத்தை அங்கதம் என்று சொல்லிவிட எனக்குத் தயக்கம். அங்கதத்தில் நாம் சிரிக்கும்போது நம் நிலை மாறுகிறது, அதிகாரத்திலிருந்து ஓரடி விலகி நிற்கிறோம். இங்கே சிரித்துக்கொண்டே அடுத்த அறைக்குள் நுழைகிறோம். குரல் அபத்தமானது என்று தெரிந்தும் அது சொன்னதைத்தான் செய்கிறோம். பதில் சொல்ல ஒரு விசைகூட நமக்குத் தரப்படவில்லை. சுவரில் இருக்கும் கண்காணிப்புக் கேமராக்களைப் பெயர்த்துக் கீழே தள்ளலாம். ஆனால் அதற்கும் ஒரு கண்டன வாக்கியம் முன்பே பதிவு செய்யப்பட்டுத் தயாராக இருக்கிறது.

பதினேழாம் அறையில் இது உச்சத்துக்கு வருகிறது. பக்கங்களில் இதயச் சின்னம் வரைந்த ஒரு கனத்த பெட்டியைத் தருகிறார்கள், துணைவன் என்று. அதைச் சுமந்துபோய், அதன்மேல் ஏறி, அதையே கேடயமாகப் பிடித்து அறையை முடிக்கவேண்டும். முடித்தபின் எரியுலையில் போடவேண்டும். போடாவிட்டால் கதவு திறக்காது. பெட்டிக்குப் பேச வராது என்று ஞாபகப்படுத்திவிட்டு, பேச முடிந்தால் உனக்குப் பாரமாக இருப்பதைவிட நெருப்பில் சாவதையே அது விரும்பும் என்கிறது குரல். பத்துக்கு எட்டு என்ஜினீயர்கள் அதற்கு அதிகம் வலிக்காது என்று கருதுகிறார்களாம். நான் போடவில்லை. பெட்டியை உலை விளிம்பில் வைத்துவிட்டு எழுந்துபோய்க் காபி குடித்தேன், திரும்பி வந்து அறையை இரண்டு தடவை சுற்றினேன், வேறு வழி இருக்குமோ என்று சுவர் சுவராகப் பார்த்தேன். அரைமணிக்கு மேல் ஆயிற்று. கடைசியில் போட்டேன். உடனே குரல் பாராட்டியது: இதுவரை சோதனைக்கு வந்தவர்கள் எல்லோரையும்விட நான்தான் மிகச் சீக்கிரம் என் துணைவனைக் கொன்றேனாம்.

பிறகு விசாரித்தேன். எவ்வளவு நேரம் தயங்கினாலும் இதே வாக்கியம்தான். என் அரைமணி எங்கும் பதிவாகவில்லை. இந்த இடத்தில் விளையாட்டு ஒரு நாவலால் செய்ய முடியாத ஒன்றைச் செய்துவிட்டது என்று நினைக்கிறேன். நாவலில் பாத்திரம் தயங்கும், வாசகன் அதைப் பார்ப்பான். இங்கே தயங்கியது என் கை. அதைப் பொய்யாக்கிய வாக்கியம் நான் பிறப்பித்த செயலுக்குப் பதிலாக வந்தது.

ஆனால் அந்தப் பெட்டிக்கு இதயம் வந்த கதை வேறு. உருவாக்கியவர்களே விளையாட்டுக்குள் வைத்திருக்கும் உரையில் அது கிடைக்கிறது. சோதித்து ஆடிப்பார்த்தவர்கள் பெட்டியைத் தூக்கிவர மறந்து வழியிலேயே விட்டுவிட்டார்கள். மறக்காமலிருக்க அதை நேசத்துக்குரியதாக ஆக்கினார்கள். எரியுலை வந்தது, கடைசியில் க்ளாடோஸின் பாகங்களை அதேபோல் எரிக்கவேண்டும் என்பதற்குப் பயிற்சியாக. ஆக, என் துக்கம் ஒரு பாடத்திட்டத்தின் பகுதி. இதனால் அந்த அறை எனக்குத் தாழ்ந்துபோகவில்லை. நம்மை நெகிழவைத்த எத்தனையோ மரணங்களைக் கதாசிரியர்கள் இதைவிட மட்டமான காரணங்களுக்காக எழுதியிருக்கிறார்கள்.

பத்தொன்பதாம் அறையின் முடிவில் பரிசுக்குப் பதில் நெருப்புக் குழி வருகிறது. அதிலிருந்து தப்பி, சோதனை அறைகளின் பின்புறத்தில், துருப்பிடித்த குழாய்களுக்கும் காலி அலுவலகங்களுக்கும் நடுவே ஓடுகிறோம். இதுதான் விடுதலை என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. அங்கேயும் சுவரில் அம்புக்குறி இருக்கிறது. முன்னே போன யாரோ ஒருவர் வரைந்ததாம். கிம் ஸ்விஃப்ட்டும் அவர் குழுவினரும் வரைந்தது. வாசல் போடக்கூடிய சுவர்கள் அங்கேயும் எண்ணித்தான் வைக்கப்பட்டிருக்கின்றன. விதிகளை மீறும் பாவனையில் அதே விதிகளைக் கொண்டு அடுத்த புதிரை முடிக்கிறோம். இதை விளையாட்டு அறிந்தே செய்கிறதா என்று நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பாதி அறிந்து என்று தோன்றுகிறது.

2007-இல் ஷெல் வெளியே, திறந்த வானத்தின் கீழ் விழுந்து கிடப்பதோடு ஆட்டம் முடிந்தது. 2010 மார்ச்சில் அந்த முடிவை மாற்றினார்கள். அச்சாகி வாசகன் கையில் இருக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை ஆசிரியர் இரவோடிரவாக வந்து திருத்திவிட்டுப் போனதுபோல. இப்போது ஒரு யந்திரக்குரல் வந்து, அழைத்துச் செல்வதற்கு ஏற்ற நிலையில் படுத்திருப்பதற்கு நன்றி சொல்லி அவளை உள்ளே இழுத்துப்போகிறது. இரண்டாம் பாகத்துக்கான ஏற்பாடு, வியாபாரம்தான். இருந்தாலும் மயங்கிக் கிடந்தவளின் கிடப்பையும் கீழ்ப்படிதலாக வரவு வைத்துக்கொள்ளும் அந்த நன்றி, முந்தைய வானத்தைவிட இந்தப் படைப்புக்குப் பொருத்தம்.

2011-இல் வந்த இரண்டாம் பாகம் பெரியது, சாமர்த்தியமானது, பலருக்கு அதுதான் பிடித்தது. அதில் எல்லோரும் நிறையப் பேசுகிறார்கள். க்ளாடோஸுக்கு ஒரு பூர்வகதை கிடைத்துவிட்டது, பழிவாங்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஷெல்லின் உடல் பருமனைக் கேலி செய்கிறது. கேலி செய்ய ஆளைப் பார்த்தாக வேண்டுமே! முதல் பாகத்தின் குரல் யாரையும் பார்க்கவில்லை. கடைசியில் ஷெல்லைக் கோதுமை வயலில் வெளியே விடுகிறார்கள். கதவு மறுபடி திறந்து அவள் பின்னால் ஒரு பெட்டி வந்து விழுகிறது. கரி படிந்த, இதயச் சின்னம் போட்ட பெட்டி. ரசிகர்கள் உருகிப்போனார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. நான் அதை எரித்திருந்தேன்.