குளிரில் தெளியும் முறுக்கு

பிஸ்மத் செலினைடு உள்ளே காப்பானாகவும் மேற்பரப்பில் மட்டும் கடத்தியாகவும் இருக்க வேண்டிய பொருள். மேற்பரப்பில் ஓடும் எலெக்ட்ரானின் தற்சுழற்சி அதன் போக்குக்குச் செங்குத்தாகப் பூட்டப்பட்டிருக்கும். மேலே காந்தப் படலம் ஒன்றைப் படியவைத்து மின்னோட்டம் செலுத்தினால், அந்தச் சுழற்சிகள் காந்தத்தைத் திருகும். ஸ்பின்-ஆர்பிட் டார்க் என்பது இதுதான்.

ஏட்டில் உள்ள கதை இது. நிஜப் படலத்திலோ செலினியம் அணுக்கள் ஆங்காங்கே விடுபட்டிருக்கும்; அதனால் உள்பகுதியிலும் எலெக்ட்ரான்கள் சேர்ந்து மின்சாரம் ஓடும். அப்படியானால் காந்தத்தைத் திருகுவது எது, மேற்பரப்பா உள்பகுதியா?

2015-ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஹியூன்சூ யாங் குழு இந்தக் கேள்வியை அணுகிய விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். பிஸ்மத் செலினைடின் மேல் கோபால்ட்-இரும்பு-போரான் படலம். கிகாஹெர்ட்ஸ் மின்னோட்டத்தைச் செலுத்தியபடி காந்தப்புலத்தை மெல்ல மாற்றினால், ஒத்ததிர்வின்போது சின்னதாக ஒரு மின்னழுத்தம் எழும். அந்த வளைகோட்டில் இரண்டு உருவங்கள் கலந்திருக்கும்: சமச்சீரான ஒரு முகடு, ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கும் ஒரு நெளிவு. படலத்தின் தளத்துக்குள் திருகும் முறுக்கு முகட்டில் தெரியும். தளத்துக்கு வெளியே தள்ளுவது நெளிவில்.

பிறகு குளிரவைத்தார்கள். அறை வெப்பநிலையில் அடங்கிக் கிடந்த முறுக்குத்திறன், அதாவது செலுத்தும் மின்னோட்டத்துக்குக் கிடைக்கும் முறுக்கின் விகிதம், சுமார் 50 கெல்வினுக்குக் கீழே 0.42 அளவுக்கு ஏறியது. ஏறக்குறைய 10 மடங்கு. பிளாட்டினத்தைக் குளிரவைத்தால் இந்தத் துள்ளல் கிடைக்காது. கல்யாணக் கச்சேரியில் கூட்டம் பந்திக்கு எழுந்துபோன பிறகுதானே தம்புரா காதில் விழுகிறது! குளிரில் மேலோங்குவது மேற்பரப்பின் குரல் என்றே அவர்கள் அந்த ஏற்றத்தைப் படித்தார்கள்.

எண்ணின் பருமனை மட்டும் பார்த்தால் 0.42 அற்பம். 2014-ல் லாஸ் ஏஞ்சலிஸில் ஒரு குழு, குரோமியம் கலந்த இதே வகைப் பொருளின் அடுக்கில் 1.9 கெல்வினில் 140 முதல் 425 வரை அறிவித்தது. 2017-ல் ஜப்பானில் தோக்குரா குழு, அத்தகைய அடுக்குகளில் அளக்கப்படும் மின்னழுத்தத்தில் பெரும்பங்கு முறுக்கால் அல்ல, காந்த அலைகளில் எலெக்ட்ரான்கள் ஒருபக்கமாகச் சிதறுவதால் வருவது என்று காட்டியது. பிஸ்மத் செலினைடிலேயே கார்னெல் குழு அறை வெப்பநிலையில் 2.0 முதல் 3.5 வரை கண்டது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எண் மாறுகிறது. ஒரே துண்டு, ஒரே கருவி, வெப்பம் மட்டும் மாறும்போது வரும் மாற்றத்துக்குத்தான் என் ஓட்டு.

அதே சிங்கப்பூர் குழு 2017-ல் குளிரை விட்டுவிட்டுத் தடிமனில் கைவைத்தது. ஐந்து அணுத்தளங்கள் சேர்ந்த அடுக்குகள் எட்டுக்குள், அதாவது சுமார் 8 நானோமீட்டருக்குள், படலத்தை மெலிதாக்கி உள்பகுதியின் பங்கைக் குறைத்தார்கள். நிக்கல்-இரும்புக் காந்தம் அறை வெப்பநிலையிலேயே புரண்டது.