பூங்காவுக்குப் பூட்டா?

மாலை நான்கு மணி. பள்ளி மணி ஓய்ந்துவிட்டது. புத்தகச் சுமையைத் தோளிலே தொங்கவிட்டபடி பத்துப் பன்னிரண்டு சிறுவர்கள் ஓர் இரும்புக் கதவின் முன்னே நிற்கிறார்கள். கதவுக்கு அப்பால் புல்தரை இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, சறுக்குமரம் இருக்கிறது. கதவிலோ பூட்டு இருக்கிறது! பூட்டுக்கு மேலே ஒரு பலகை. 'பொதுமக்கள் பூங்கா' என்று அதிலே பொறித்திருக்கிறார்கள். பலகை பொய் சொல்கிறதா, பூட்டு பொய் சொல்கிறதா?

நாம் ஆசிரியப் பணி புரியும் புறநகரில் நாள்தோறும் காணும் காட்சி இது. காரணம் கேட்டுப் புறப்பட்டோம். சாவி காவலாளியிடம் என்றார்கள். காவலாளி, ஒப்பந்தக்காரரின் ஆள் என்றார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டது, புதிய ஒப்பந்தத்துக்கான கோப்பு மேலே போயிருக்கிறது என்றார்கள். கோப்பு மேலே போயிற்று. பிள்ளைகள் சாலைக்குப் போனார்கள். பந்தைத் துரத்தி ஓடும் பிள்ளையின் முதுகுக்குப் பின்னே தண்ணீர் லாரி அலறிக்கொண்டு வருகிறது. அந்த அலறலைக் கேட்ட பிறகும், பூங்கா என்பது பொழுதுபோக்குச் செய்தி, புரட்சி பேசுவோர்க்கு அதிலே என்ன வேலை என்று கேட்பவர் இருப்பார்களானால், அவர்கள் ஒருநாள் மாலை எம்மோடு வந்து அந்தக் கதவருகே நிற்கட்டும்!

நூலையும் நாடகத்தையும் நிறுத்துப் பார்ப்பது இவ்வேட்டின் வழக்கம். இம்முறை நாம் நிறுத்துப் பார்ப்பது ஒரு விதியை. கதை எழுதுவோன் பிழை செய்தால் வாசகனுக்கு ஒரு மாலை வீண். விதி எழுதுவோர் பிழை செய்தால் ஒரு தலைமுறையின் மாலைப் பொழுதெல்லாம் வீண். ஆகவே திறனாய்வுக்கு இது தகுந்த பொருளே.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஆம் ஆண்டு வந்தன. நிலத்தை மனைகளாக்கி விற்போர் பொதுவுக்கென எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதை அவ்விதிகள் வரையறுக்கின்றன. நிலம் 3,000 சதுர மீட்டருக்கு உட்பட்டதானால், ஏதும் விடவேண்டியதில்லை. 3,000 முதல் 10,000 வரையானால், சாலைகள் நீங்கலாக நூற்றுக்குப் பத்துப் பங்கு விடவேண்டும்; அல்லது அதற்கு ஈடான பணத்தைக் கட்டிவிடலாம். 10,000-க்கு மேற்பட்டால், பணம் என்ற பேச்சுக்கே இடமில்லை. பத்தில் ஒரு பங்கு நிலத்தைத் தானப் பத்திரம் எழுதி ஒப்படைத்தே தீரவேண்டும்.

நல்ல விதி என்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். வீட்டைக் கட்டி விற்று விலகிப்போகிறவனைப் பார்த்து, 'விற்ற மண்ணிலே ஊருக்கும் பங்குண்டு' என்று சட்டம் சொல்லுமானால், அதைப் போற்றத்தான் வேண்டும். குறை, விதி சொல்வதிலே இல்லை. சொல்லாமல் விட்டதிலேதான் இருக்கிறது. அது பரப்பை அளக்கிறது, பயனை அளக்கவில்லை. மண்ணைக் கேட்கிறது, மனிதனைக் கேட்கவில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 3,000 சதுர மீட்டருக்குப் பத்தில் ஒரு பங்கு 300. கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், பரப்பு 130. ஆகவே அந்த 300-இலே கபடி ஆடலாம். பெரியவர் நால்வர் அமர்ந்து பார்க்கவும் செய்யலாம். ஆனால் கால்பந்து? முழு அளவுக் களம் 105-க்கு 68. அதாவது 7,140 சதுர மீட்டர். பத்தில் ஒரு பங்காக அது கிடைக்கவேண்டுமானால், சாலை நீங்கலாக 17½ ஏக்கருக்கு மேற்பட்ட ஒரே மனைப்பிரிவு வேண்டும்! அத்தனை பெரிய மனைப்பிரிவு ஊருக்கு எத்தனை அமையும்? ஆங்கொன்றும் ஈங்கொன்றுமாய் இருபது துண்டு நிலங்கள் ஏட்டிலே சேர்ந்து ஏக்கர் கணக்காகும். காலிலே சேர்ந்து களமாகா. துண்டுகளைக் கூட்டினால் தொகை வரும், திடல் வராது.

பணம் கட்டிவிட்டு விலகும் வழியைப் பற்றியும் ஒரு சொல். பணம் வாங்குவது பாவமன்று. பல மனைப்பிரிவுகளின் பணத்தை ஒன்றாய்த் திரட்டி, அதே வட்டாரத்தில் ஒரே பெருந்திடலாய் வாங்கினால் அது அறிவுடைமை. வாங்காமல் வைத்திருந்தால், நிலத்தின் விலை நாளுக்கு நாள் ஏற, கையிலிருக்கும் பணம் நாளுக்கு நாள் தேயும். பிள்ளைக்குச் சட்டை தைக்க எடுத்துவைத்த பணத்துக்குப் பத்தாண்டு கழித்துக் கைக்குட்டை வாங்குவதைப் போன்றது அது.

திட்டம் தீட்டுவோர் முதலிலே திடலை வைத்துப் பின்னர் வீட்டை வைத்தால் என்ன நேரும்? 1920-களில் சென்னையின் மேற்கே தியாகராய நகர் புதிய புறநகராய் உருவானபோது, நடுவிலே பூங்காவை வைத்து, அதிலிருந்து கிளைகள்போல் சாலைகளைப் பிரித்தார்கள். அந்தப் பனகல் பூங்கா, நாலாபுறமும் கடைத்தெருக்கள் நெருக்கிய பின்னரும் நகரின் நடுவே நிழல் தந்து வந்திருக்கிறது. அந்நகர் எழுவதற்கு ஏரியைத் தூர்த்தார்கள் என்ற குறையை நாம் மறைக்கவில்லை. ஆனால் மிச்சத்திலே பூங்கா என்னாமல் மையத்திலே பூங்கா என்று வரைந்த கைக்கு மதிப்புத் தரத்தான் வேண்டும்.

திட்டமிட்டால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கும் சென்னையே சான்று. 1859-இல் ஆளுநர் டிரெவெல்யான் முயற்சியால் 116 ஏக்கரில் மக்கள் பூங்கா தோன்றிற்று. குளங்கள், பாதைகள், விலங்குக் காட்சிசாலை என்று விரிந்து கிடந்தது. பிறகு? விக்டோரியா மண்டபம் ஒரு துண்டு கேட்டது, கொடுத்தார்கள். மூர் மார்க்கெட் ஒரு துண்டு கேட்டது, கொடுத்தார்கள். 1913-இல் எழுந்த ரிப்பன் மாளிகைக்கும் அங்கேதான் இடம் கிடைத்தது. பூங்காவைக் காக்கவேண்டிய மாநகராட்சியே பூங்காவின் மண்ணில் அலுவலகம் கட்டிக்கொண்டது! விளையாட்டரங்கமும் வந்தது. 1985-இல் விலங்குகள் வண்டலூருக்குக் குடிபெயர்ந்தன. மக்கள் பூங்கா என்ற பெயர் பழைய நூல்களுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

இதிலே வில்லன் யார்? எவருமில்லை! அதுதான் நாம் கவனிக்கவேண்டிய கொடுமை. மண்டபம் நல்லது, சந்தை நல்லது, அலுவலகம் தேவை. பூங்காவைத் தீமை வந்து தின்பதில்லை. நன்மைகள் ஒவ்வொன்றாய் வந்து தின்கின்றன. நீர்த்தொட்டிக்கு ஒரு மூலை, மின்மாற்றிக்கு ஒரு மூலை, கோயிலுக்கு ஒரு மூலை என்றால், நான்காவது மூலையிலே குழந்தை எப்படி விளையாடும்?

பொதுப் பூங்காவிலும் பொதுத் தெருவிலும் எந்த மதத்தின் பெயராலும் அனுமதியின்றி வழிபாட்டிடம் எழுப்பக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் ஆணையிட்டது. அதற்கு முன்னரே, 1991-இல், பெங்களூர் வழக்கொன்றிலே, பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்று அதே மன்றம் தீர்ப்பளித்தது. ஒதுக்கச் சொன்னது முதலமைச்சர். எதிர்த்து வழக்காடியவர்கள் அக்குடியிருப்பின் மக்கள். மருத்துவமனை தீயதென்று மன்றம் சொல்லவில்லை. பொதுவுக்கென்று குறித்ததை ஒருவர் விருப்பத்தால் மாற்ற முடியாது என்றுதான் சொல்லிற்று.

நிலம் கிடைத்தது, நிலம் பிழைத்தது, அதன் பிறகும் ஒரு கேள்வி நிற்கிறது. 'பொது' என்றால் யார்? நம் ஊர்ப் பூட்டு இக்கேள்வியை முனகலாய்க் கேட்கிறது. கடல் கடந்த நாடொன்றிலே அதை உரக்கவே கேட்டார்கள்.

அமெரிக்காவில், கலிபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோ செல்வம் மிக்க ஒரு புறநகர். அது 1,400 ஏக்கர் மலைநிலத்தை வாங்கி, ஃபுட்ஹில்ஸ் பூங்கா என்று பெயரிட்டு 1965-இல் திறந்தது. உள்ளூர்வாசிக்கும் அவர் அழைத்துவரும் விருந்தினருக்கும் மட்டுமே அனுமதி. அயலூரார் நுழைந்தால் குற்றம்! அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருந்தது. நிலத்தை வாங்கும் செலவிலே பக்கத்து ஊர்கள் பங்கேற்க மறுத்துவிட்டன. எங்கள் வரிப்பணத்தில் வாங்கியது எங்களுக்கே என்றார்கள். ஆனால் அவ்வூரிலே கறுப்பின மக்கள் வீடு வாங்க முடியாதபடி பல காலம் தடைகள் இருந்தன. வீடு வாங்க விடாதே; பிறகு, வீடில்லாதவன் பூங்காவுக்குள் வராதே! ஒரு கதவு மற்றொரு கதவுக்குத் துணை நின்றது. 2020-இல் வழக்குத் தொடுத்தபின், அவ்வாண்டு டிசம்பரில் கதவு எல்லோருக்கும் திறந்தது. கூட்டம் பெருகிற்று, எண்ணிக்கைக்கு வரம்பும் நுழைவுக் கட்டணமும் வந்தன. கூட்டம் என்பது நிர்வாகத்தின் சிக்கல். அதை நிர்வாகத்தால் தீர்க்கவேண்டும், விலக்கி வைப்பதால் அன்று என்பதே நாம் அங்கிருந்து கற்கும் பாடம். கட்டணமும் ஒருவகைப் பூட்டாகாமல் பார்த்துக்கொள்வது அடுத்த பாடம்.

அலபாமாவின் மான்ட்கோமரி நகரோ இன்னும் ஒருபடி மேலே போயிற்று. பூங்காக்களில் நிறப் பிரிவினையை எதிர்த்து வழக்கு வந்ததும், கறுப்பரோடு சேர்ந்து உலவுவதைவிட எவருமே உலவாதிருப்பது மேல் என்று 1959-இல் தன் பூங்காக்கள் அனைத்தையும் மூடிவிட்டது. பிறர் உண்ணக்கூடாதென்று தன் சோற்றிலும் மண்ணைப் போட்டுக்கொண்ட பேதைமை!

நம் ஊர்ப் பூட்டு அத்தகைய வெறுப்பில் வார்த்ததல்ல, அலட்சியத்தில் வார்த்தது. ஆனால் பூட்டின் முன்னே நிற்கும் பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. தனி வளாகத்துக் குழந்தைக்கு வளாகத்துக்குள்ளேயே தோட்டம் உண்டு, நீச்சல் குளமும் உண்டு. ஒற்றை அறை வாடகை வீட்டுக் குழந்தைக்கோ, அந்த நகராட்சிப் பூங்கா ஒன்றுதான் வீட்டுக்கு அடுத்த அறை. அதைப் பூட்டுவோர் யாருக்குப் பூட்டுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்களா? கதவு திறந்த நாளிலும் நாம் ஒன்றைக் கண்டோம். திடலெங்கும் சிறுவர், சிறுமியர் ஓரத்துப் பலகையில். விளக்கெரியாத மூலையும், கதவில்லாத கழிப்பறையும், அவர்களை வாய் திறவாமலே வெளியேற்றிவிடுகின்றன. அந்தப் பூட்டு கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான் வேறுபாடு.

ஆகவே, விதியிலே இல்லாத வரிகளை நாம் எழுதிச் சேர்க்கச் சொல்கிறோம். தானமாய் வந்த ஒவ்வொரு நிலத்தின் அளவும் இருப்பிடமும் ஊரறியப் பலகையில் எழுதவேண்டும். வாங்கிய பணத்தை அதே வட்டாரத்தில் திடல் வாங்கவே செலவிடவேண்டும். எந்த நேரம் திறப்பது, சாவி யாரிடம், விளக்குக்கும் கழிப்பறைக்கும் பொறுப்பு யார் என்பவை ஒப்பந்தத்தின் முதல் வரியாக வேண்டும். பூங்கா திறந்திருந்த மணிநேரத்தை எண்ணி, அதற்கே கூலி தரவேண்டும்.

தோழர்களே! பூங்காவும் விளையாட்டிடமும் அமைப்பது நகராட்சிகளின் பணி என்று அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணை குறிக்கிறது. உங்கள் ஊரில் தானமாய் வந்த நிலங்கள் எத்தனை என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி கேளுங்கள். பட்டியல் வந்ததும், அளவு நாடாவோடு நேரில் போய் அளந்து பாருங்கள். குறைந்திருந்தால் பகுதி சபையிலே எழுந்து நின்று பேசுங்கள். கும்பிட்டுக் கேட்கவேண்டியதில்லை, அது எவர் வீட்டுக் கொடையுமன்று.

நாளை மாலையும் நான்கு மணி அடிக்கும். அந்தப் பிள்ளைகள் மீண்டும் அக்கதவருகே வந்து நிற்பார்கள். அவர்களுக்கு விதி தெரியாது, தீர்ப்புத் தெரியாது. கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது மட்டுந்தான் தெரியும். நம் நகர நிர்வாகத்தை நிறுத்துப் பார்க்க அந்த ஓர் அளவுகோலே போதும்.