ஏழடி வட்டத்துக்குள்

மாங்குளம் சந்தியில் முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்து நின்றபடி, கைத்தொலைபேசியில் ஒரே எறிதலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். 2017, தாய்பேயில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டு விழா. பெண்கள் சம்மட்டி எறிதலில் போலந்தின் மல்வினா கோப்ரோன் 76.85 மீற்றர் எறிந்து தங்கம் வென்றார். அவரைப் பயிற்றுவித்தவர் சொந்தத் தாத்தா.

சம்மட்டி என்பது பெயருக்குத்தான். 4 கிலோ குண்டு, ஏறத்தாழ ஒரு மீற்றர் கம்பி, நுனியில் கைப்பிடி. வயலில் கிளி கலைக்கிற கவணுக்குத் தமக்கை முறை.

எல்லாரும் குண்டைப் பார்ப்பார்கள். நான், ஏழடி வட்டத்துக்குள் சுழல்கிறவரின் இடது காலைப் பார்க்கிறேன். குதிக்கால் ஊன்றித் திரும்புகிறது, பாதத்தின் வெளியோரமாக உருண்டு விரல்களுக்கு வருகிறது, மறுபடி குதிக்கால். அது நிலத்தை விடுவதேயில்லை. வலது கால்தான் எழும்பி எழும்பி ஓடிவந்து சேர்கிறது. கடைசிச் சுற்றில் குண்டு 100 கிலோவுக்கு மேல் இழுக்கும். அவர் கதிரையில் இருக்கப்போகிறவர்போல் பின்னுக்குச் சாய்கிறார். கிணற்றில் நிறைவாளி இழுக்கிறவரின் அதே சாய்வு. பிறகு இடது தோளுக்கு மேலால் விடுகை, கூடவே ஒரு கத்தல்.

ஒலிம்பிக்கில் ஆண்கள் 1900இலேயே எறிந்தார்கள். பெண்களை 2000 வரை காக்கவைத்தது என்ன நியாயமோ!

பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளை எட்டிப் பார்த்தாள்.

“கம்பி அறுந்தா என்ன அண்ணை செய்யிறது?”

“அதுக்குத்தான் சுத்திவர வலைக்கூடு. அறுந்தாப் பிழையில்லை, திரும்ப எறியலாம்.”