‘இது உண்மைக் கதை’: யார் சொன்ன உண்மை?

சேகர் கபூரின் ‘பாண்டிட் குயின்’ (1994) தொடங்கும்போதே, இது உண்மைக் கதை என்று திரையில் எழுத்து வருகிறது. நான் விசாரிக்க விரும்புவது அந்த ஒரு வரியைத்தான். சீமா பிஸ்வாஸின் நடிப்பைப் பற்றியும் படம் வாங்கிய விருதுகளைப் பற்றியும் நிறையப் பேசியாச்சு.

பூலன்தேவி மல்லா சாதி. படகும் மீனும் பிழைப்பு. எழுதப் படிக்கத் தெரியாத அவர் சிறையிலிருந்து வாயால் சொல்லி எழுதவைத்த குறிப்புகளை ஆதாரமாகக் கொண்டு மாலா சென் 1991இல் புத்தகம் எழுதினார். படத்துக்கு அடிப்படை அந்தப் புத்தகம். அதில் நிலத் தகராறு முக்கியமானது. பெரியப்பன் மகன் மாயாதீன் குடும்பத்து நிலத்தை அமுக்கிக்கொள்கிறான். சிறுமி பூலன் எதிர்த்து நிற்கிறாள். படத்தில் இந்த நிலம் கிட்டத்தட்டக் காணாமல் போய்விட்டது. மிஞ்சியது உடம்பு. புருஷன், போலீஸ், தாக்கூர்கள் என்று வரிசையாக அந்த உடம்பின்மேல் நடக்கும் வன்முறை. நிலத்துக்காக மல்லுக்கட்டியவளை, வல்லுறவுக்குப் பழிவாங்கத் துப்பாக்கி தூக்கியவளாக மாத்திட்டாங்க. அருந்ததி ராய் 1994இலேயே இதைக் கண்டித்து எழுதினார்.

பெமாயில் தனக்கு நடந்ததைப் பூலன் விரித்துச் சொல்லவில்லை. சொல்லாமல் விடுவதும் ஒரு சாட்சியம்தான். அவர் மூடி வைத்ததைக் கேமரா திறந்து காட்டுகிறது. அவருக்குப் படத்தைப் போட்டுக் காட்டாமலேயே அழைத்து வந்த பிரமுகர்களுக்குத் திரையிட்டார்கள். அவர் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு பணம் கொடுத்துச் சமரசம் ஆனது. ‘காசு வாங்கிட்டாளே’ என்று பேசுகிறவர்கள், அவரைக் கோர்ட்டுக்கு விரட்டியது யார் என்று கேக்க மாட்டாங்க.

இன்னொன்று. 1981 பிப்ரவரி 14இல் பெமாயில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தான் சுடவில்லை என்பது பூலனின் வாக்குமூலம். அவரை முன்னால் நிறுத்தி அந்தக் கொலையைப் படம் நடத்திக் காட்டுகிறது. 1983இல் சரணடைந்து, 11 வருஷம் சிறையில் கிடந்து, 1994இல் வெளியே வந்திருந்த மனுஷி அவர். வழக்கு முடியவில்லை. அதில் கீழ்க்கோர்ட் தீர்ப்பு வந்ததே 2024இல்தான். பூலன் 2001இலேயே தில்லியில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டுவிட்டார். கோர்ட் சொல்லாத தீர்ப்பை ‘உண்மை’ என்று முத்திரை குத்தி, உயிரோடிருந்த ஒருத்தியின் தலையில் சினிமா இறக்கி வைத்தது.

‘சாதிக் கொடுமையை இவ்வளவு பச்சையாக் காட்டிய படம் வேறெது? சின்னச் சின்னப் பிழையைப் பெருசாக்கலாமா?’ என்று தோழர்கள் கேட்கிறார்கள். ஊர்ப் பெயரை மாற்றட்டும், ஆறு மாசத்தை ஆறு நிமிஷமாகச் சுருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை. காரணத்தை மாற்றுவது வேறு விஷயம். நிலத்தை எடுத்துவிட்டால் சாதி வெறும் காமவெறியாகச் சுருங்கிப்போகும். கெட்டவன் செத்தால் கதை முடிந்தது. நிலம் யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியே எழாது. நம்ம ஜனங்க போலீஸ் ஸ்டேஷனில் சொல்லும் வாக்குமூலத்தில் தேதி ஒன்று பிசகினாலும் மொத்தமும் பொய் என்று தள்ளிவிடுகிறார்கள். நம்மிடம் அவ்வளவு கறாராக உண்மை கேட்கும் நாட்டில், நம்மைப் பற்றிப் படமெடுப்பவனிடம் மட்டும் ஏன் கேட்கக் கூடாது?

‘உண்மைக் கதை’ என்று போட்டால், யார் சொன்ன உண்மை, அவர் சம்மதித்தாரா, எதை நீங்களாகச் சேர்த்தீர்கள் என்பதையும் அதே திரையில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். முடியாதென்றால் கற்பனை என்று போட்டுவிட்டு எடுங்கள்.