நுரையீரலில் ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்துகள் ஏன் தோற்றன?

சிகரெட் புகையானாலும், வென்டிலேட்டர் வழியே செலுத்தும் செறிவு மிகுந்த ஆக்சிஜனானாலும், நுரையீரல் சேதத்தில் ஒரு பொதுக் குற்றவாளி உண்டு: வினைத்திறன் மிகுந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள். அவற்றை அடக்கினால் நுரையீரல் பிழைக்கும் என்ற நம்பிக்கையில்தான் ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்துகள் தரப்பட்டன. நோயைப் பற்றிய அந்தக் கணிப்பு வலுவானது. அதிலிருந்து பிறந்த சிகிச்சை பெரும்பாலும் தோற்றிருக்கிறது.

செல்லுக்குள் கீப்1 என்ற புரதம், என்ஆர்எஃப்2 என்ற இன்னொரு புரதத்தைப் பிடித்து, ஓயாமல் அழிவுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. வினைத்திறன் மிகுந்த அந்த ஆக்சிஜன் மூலக்கூறுகள் கீப்1-ஐத் தாக்கியதும் பிடி தளர்கிறது. தப்பிய என்ஆர்எஃப்2 உட்கருவுக்குள் சென்று, செல்லின் சொந்த ஆன்டிஆக்ஸிடன்டான குளுட்டாதயோனின் தயாரிப்புக்கும் நச்சுநீக்கத்துக்குமான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. என்ஆர்எஃப்2 இல்லாத எலிகளின் நுரையீரல் மிகை ஆக்சிஜனில் கூடுதலாகச் சேதமடைவதை 2002இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். என்எஃப்-கப்பா பி என்ற வேறொரு பாதை வழியே, அதே மூலக்கூறுகள் அழற்சி மரபணுக்களையும் எழுப்பிவிடுகின்றன. அழிக்க வந்தவையே தற்காப்புக்கான ஆணையையும் சுமந்து வருகின்றன. சிகிச்சை கணக்கில் எடுக்காமல் விட்டது இதைத்தான்.

நுரையீரல் தழும்பேறி இறுகும் ஐபிஎஃப் நோயை எடுத்துக்கொள்வோம். பிரெட்னிசோன், அசதயோபிரின் ஆகியவற்றுடன் என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தால் மூச்சுத்திறன் சரிவது மெதுவாகிறது என்று 2005இல் ஓர் ஐரோப்பிய ஆய்வு சொன்னது. பலர் மகிழ்ந்தார்கள். ஆனால் அதில் இரு தரப்பினருமே முதல் இரண்டு மருந்துகளை உட்கொண்டார்கள். எந்த மருந்தும் பெறாத தரப்பு இல்லை. பெரும் குறை இது. 2012இல் அமெரிக்க ஆய்வு ஒன்று மூன்று மருந்துக் கூட்டைப் போலி மாத்திரையுடன் ஒப்பிட்டபோது, கூட்டைப் பெற்றவர்களிடையே இறப்பும் மருத்துவமனை அனுமதியும் கூடின. அந்தப் பிரிவை இடையிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. 2014இல் வெளியான முடிவு, தனித்துக் கொடுத்த என்-அசிட்டைல்சிஸ்டீனும் மூச்சுத்திறன் சரிவைத் தடுக்கவில்லை என்றது.

பின்லாந்தில் நடந்தது இன்னும் கசப்பானது. புகைபிடிக்கும் 29,133 ஆண்களிடம் நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் என்ற ஆன்டிஆக்ஸிடன்ட் பெற்றவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18% அதிகமாக வந்தது. முடிவு 1994இல் வெளியானது. காரணம் முழுதாகத் துலங்கவில்லை. ஆனால் ஒரு குறிப்பு உண்டு: என்ஆர்எஃப்2 எப்போதும் விழித்திருக்கும்படி மரபணு மாற்றம் கண்ட நுரையீரல் புற்றுநோய்கள் ஏராளம். தற்காப்பு மரபணுக்கள் நல்ல செல்லுக்கு மட்டுமல்ல, புற்றுநோய்ச் செல்லுக்கும் உதவக்கூடியவை.

இத்தனைக்கும் என்-அசிட்டைல்சிஸ்டீன் பயனற்ற மருந்தன்று. பாராசிட்டமால் மிகையாக உட்கொண்டவர்களின் கல்லீரலை அது காப்பாற்றுகிறது. அங்கே குறைவது குளுட்டாதயோன் என்று தெரியும், மருந்தைக் கொடுக்க வேண்டிய நேரமும் தெரியும். நுரையீரலிலோ எந்த நோயாளிக்கு, எந்தக் கட்டத்தில், எந்த மரபணுப் பாதை பிசகியிருக்கிறது என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். இனி வரும் ஆய்வுகள் நோயாளிகளை அந்த அடிப்படையில் பிரித்துத் தொடங்க வேண்டும். புகைப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: பீட்டா கரோட்டின் மாத்திரை நுரையீரலைக் காக்கும் என்று நம்பி வாங்காதீர்கள், புகையை நிறுத்துங்கள்.