விலக்கு என்கிற சலுகை

படப்பையில் எங்கள் காம்பவுண்டில் அடுத்த போர்ஷனில் இருக்கிற அம்மா, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறார். குவாலிட்டி செக்‌ஷன். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். காது சரியாகக் கேட்காது. முகாமில் கொடுத்த கருவி இருக்கிறது. அதைப் போட்டால் வகுப்பின் இரைச்சலும் டீச்சர் குரலும் ஒன்றாகக் கலந்து கேட்கிறது என்று கழற்றிப் பையில் வைத்துவிடுகிறாள். பள்ளியில் அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள்: "கவலைப்படாதீங்க, பத்தாவதுல ஒரு லாங்வேஜுக்கு விலக்கு வாங்கிடலாம்." அவர் என்னிடம் கேட்டார்: "அது நல்லதா கெட்டதா சார்?"

சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்குச் சொல்லிலிருந்துதான் தொடங்கத் தெரியும். விலக்கு. வரிவிலக்கு என்றால் சுமை குறைகிறது. ஊர்விலக்கம், மாதவிலக்கு என்றால் ஆளைத் தள்ளிவைக்கிறார்கள். சுமையிலிருந்து விடுவிப்பதற்கும் கூட்டத்திலிருந்து ஒதுக்குவதற்கும் நம் மொழியில் ஒரே சொல். தேர்வுத்துறை முதல் பொருளில் எழுதுவதை வகுப்பறை இரண்டாம் பொருளில் நடத்திக் காட்டுகிறது.

விலக்கே கூடாது என்று நான் வாதாடவில்லை. கேட்காத ஒரு பிள்ளையை இரண்டு பேச்சுமொழிகளிலும் ஒரே தராசில் நிறுப்பது அநியாயம். கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு எல்லாம் பெற்றோரும் இயக்கங்களும் கேட்டு வாங்கியவை. பிரச்சினை வேறு. ஒன்பது வருடம் சொல்லித்தராமல் விட்டுவிட்டு பத்தாவது வருடத்தில் 'எழுத வேண்டாம்' என்பதை உதவி என்று எப்படிச் சொல்வது? எட்டாவது வரை யாரும் பெயிலில்லை. அந்தப் பாதுகாப்பு வேண்டியதுதான். ஆனால் அதன் மறைவில், கற்றாளா என்று யாரும் கேட்காமலேயே ஒரு பிள்ளை வகுப்பு வகுப்பாக நகர்ந்துவிடுகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. ஒருங்கிணைந்த கல்வித் திட்டம் 1974-லேயே வந்துவிட்டது. பிறகு 1995-ன் சட்டம். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் 2012-ல் திருத்தப்பட்டு இந்தப் பிள்ளைகளை வெளிப்படையாகவே தனக்குள் கொண்டுவந்தது. 2016-ன் சட்டம் ஒரே வகுப்பில் சேர்ந்து படிப்பதையும், சைகை மொழியும் பிரெயிலும் தெரிந்த ஆசிரியர்களை அமர்த்துவதையும் அரசின் கடமையாக்கியது. 2022-ல் ஒன்றிய அரசு தொடக்க வகுப்புகளில் இப்படியான பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல்வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்று அளவு சொன்னது. நடைமுறை என்ன? தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒரு சிறப்புப் பயிற்றுநர் பள்ளி பள்ளியாகச் சுற்றுகிறார். அவரும் காண்ட்ராக்ட், இந்தப் பிள்ளையின் அம்மாவும் காண்ட்ராக்ட். பயிற்றுநர் வரும் நாளில் இவள் 'அவருடைய' பிள்ளை. மற்ற நாட்களில் யாருடைய பிள்ளையும் இல்லை.

பெயர் மாற்றுவதில் மட்டும் நாம் சுறுசுறுப்பு. 2010-ல் 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது. இழிவை நீக்குகிற நல்ல எண்ணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்தச் சொல்லாடலின் உள்ளே ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: ஏதாவதொரு 'மாற்றுத் திறன்' காட்டு, அப்புறம் மதிக்கிறோம். பாடத் தெரியாத, படம் வரையத் தெரியாத, சும்மா ஒரு சராசரிப் பிள்ளையாக இருக்கும் உரிமை இவளுக்கு இல்லையா? படிக்கட்டையும் கரும்பலகையையும் பற்றி அந்தச் சொல் எதுவும் பேசுவதில்லை.

புறநானூற்றின் 28-ஆம் பாட்டு, பயனற்ற பிறப்புகள் என்று எட்டு வகையை எண்ணி, அவற்றுக்கு 'எச்சம்' என்று பெயர் வைக்கிறது. 1995-ன் சட்டத்தில் ஏழு வகை, 2016-ல் இருபத்தொன்று. நோக்கம் தலைகீழ், அன்று ஒதுக்குவதற்கு, இன்று உரிமை தருவதற்கு. ஆனால் பள்ளிக்கூடம் இந்தப் பட்டியலையும் பழைய கண்ணாலேயே வாசிக்கிறது. அதே 'எச்சம்' இலக்கணத்தில் வேறு கதை சொல்லும். 'வந்த' என்பது பெயரெச்சம். அது குறைப்பட்ட சொல் என்று யாரும் அதைத் தூக்கி எறிவதில்லை. அது கொண்டு முடிகிற பெயரைத் தருவது வாக்கியத்தின் பொறுப்பு. 'வந்த பிள்ளை' என்று முடித்தால் பொருள் வந்துவிடுகிறது. பள்ளிக்கூடம் முடிக்காமல் விட்ட வாக்கியத்துக்குப் பிள்ளையின் காதைக் காரணம் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

இதை என்னைவிட நன்றாக அந்த அம்மாவே சொன்னார்: "ஒரு பீஸ் தப்பா வந்தா தள்ளி வைப்போம் சார். அதே மாதிரி திரும்பத் திரும்ப வந்தா லைனை நிறுத்திட்டு மெஷின் செட்டிங்கைப் பாப்பாங்க. ஸ்கூல்ல எத்தினி வருசமா பீஸையே தள்ளி வைக்கிறாங்க?" பிள்ளையைப் பீஸ் என்று சொல்லிவிட்டதற்கு அவரே நாக்கைக் கடித்துக்கொண்டார். கடித்துக்கொள்ள வேண்டியவர் அவரில்லை.

செட்டிங் என்றால் பெரிய செலவு எல்லாம் கிடையாது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுவது. உதடு தெரிகிற இடத்தில் அவளை உட்கார வைப்பது. எந்தப் பக்கம், எந்தக் கணக்கு என்று எழுதிப் போடுவது. கேள்வி கேட்கும் பிள்ளை யாரென்று கைகாட்டுவது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டை அவளுக்குக் கொடுக்கச் சொல்வது. இவை எதற்கும் அரசாணை தேவையில்லை. சைகை மொழி, நிரந்தர ஆசிரியர் பணியிடம், கருவியின் பராமரிப்பு ஆகியவற்றுக்குத் தேவை. அதற்குப் போராட்டமும் தேவை.

அந்தப் போராட்டத்தில் நாம் எங்கே? மையம், விளிம்பு என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். சாதியையும் பாலினத்தையும் பாடப்புத்தகத்துக்குள் தேடிப் பிடித்தோம், சரி. அந்தப் பாடப்புத்தகத்தைக் காதில் வாங்க முடியாத பிள்ளை நம் விளிம்புக்கும் வெளியே நின்றது. நாம் நடத்தும் கூட்டங்கள் மாடியில். சைகையில் பெயர்த்துச் சொல்ல ஆளில்லை. நாமும் விலக்கு கொடுத்திருக்கிறோம்.

அந்த அம்மாவிடம் பிறகு சொன்னேன்: விலக்கை வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் மகளின் உரிமை. கையெழுத்துப் போடும்போது மட்டும் கேளுங்கள், 'விலக்கு வாங்கின பாடத்தையும் சொல்லித்தருவீங்களா?' என்று. அடுத்த வாரம் அவருக்கு நைட் ஷிஃப்ட். காலையில் இறங்கியதும் தூங்காமல் பள்ளிக்குப் போய்க் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.